ஐந்தில் ஒரு பங்கு ஊரும் ஒரு முழு உருண்டையும்

ஒரு நிலக்காட்சிப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அகலமும் உயரமும் ஒன்றாகும்படி இழுத்துச் சதுரமாக்குங்கள். தலைகீழாகத் திருப்புங்கள். போட்டோஷாப்பிலோ இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலோ ‘போலார் கோஆர்டினேட்ஸ்’ என்று ஒரு ஃபில்டர் இருக்கும், அதை அழுத்துங்கள். நார்த்தாமலை ஒரு நெல்லிக்காயாக உருண்டுவிடும். உருண்டையின் மேல் குத்திட்டு நிற்கும் நாலைந்து பனைகள், ஒரு விமானம், சுற்றிலும் வானம். ‘டைனி பிளானட்’ என்று உலகெங்கும் இதற்குப் பெயர். குட்டிக் கோள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இப்போது அந்த நான்கு படிகள்கூட வேண்டியதில்லை. கைப்பேசிச் செயலிகள் ஒரே தொடுதலில் கோளைச் செய்து கையில் கொடுத்துவிடுகின்றன.

இந்த வித்தை புதுக்கோட்டைச் சீமைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. குன்றும் கோயிலும் கண்மாயும் அடுத்தடுத்து நிற்கும் நிலம் என்பதால் கோள் செய்வதற்கு இதைவிட வசதியான மூலப்பொருள் கிடைப்பது அரிது. சித்தன்னவாசல் ஒரு கோள், திருமயம் ஒரு கோள், குடுமியான்மலை ஒரு கோள். பார்ப்பவர்கள் ‘நம்ம ஊரா இது!’ என்று வியக்கிறார்கள். நாம் கேட்க விரும்புவதும் அதே கேள்விதான். வியப்புக்குறியை மட்டும் எடுத்துவிட்டு.

கணினியைக் கண்டு மிரளும் பழமைவாதிகளின் புலம்பல் இது என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். இந்தப் படங்களுக்குப் பின்னால் உள்ள கணக்கின் மேல் நமக்குப் பெருமதிப்பு உண்டு. ஒரு கண்ணாடிக் கோளத்தைத் தாளின் மேல் வைத்து, அதன் உச்சிப் புள்ளியில் ஒரு சிறு விளக்கை வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். கோளத்தின் மேல் வரைந்த கோடுகளின் நிழல் தாளில் விழும். அந்த நிழலே ஸ்டீரியோகிராஃபிக் புரொஜெக்‌ஷன். அதன் அழகு என்னவென்றால் கோளத்தின் மேல் இரண்டு கோடுகள் எந்தக் கோணத்தில் வெட்டிக்கொண்டனவோ அதே கோணத்தில்தான் தாளிலும் வெட்டிக்கொள்ளும். உச்சியைத் தொடாத வட்டம் எதுவும் வட்டமாகவே விழும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இன்றைய பெயரை 1613இல் சூட்டியவர் அகிலோனியஸ் என்ற பாதிரியார். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் வானத்தை ஒரு பித்தளைத் தட்டில் அடக்கிய அஸ்ட்ரோலேப் என்னும் கருவி இந்தக் கணக்கின் மேல்தான் நின்றது. அந்தக் கருவியைப் பற்றிச் சமஸ்கிருதத்தில் எழுந்த முதல் நூலான ‘யந்திரராஜ’த்தை 1370இல் இயற்றியவர் மகேந்திர சூரி என்ற சமணர். சமணர் படுக்கைகளுக்குப் பேர்போன புதுக்கோட்டைக்காரர்கள் இந்தத் தகவலைக் கொஞ்சம் பெருமையோடு வைத்துக்கொள்ளலாம்.

2000களின் நடுவில் பாரிஸில் அலெக்சாந்தர் துயுரே-லுட்ஸ் என்ற கணினி அறிஞர் இந்தப் பழைய கணக்கைப் புகைப்படத்துக்குக் கொண்டுவந்து செய்த கோள்கள் பரவலாகப் பேசப்பட்டன. அவர் நின்ற இடத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் படமெடுத்தார். காலடியிலிருந்து தலைக்கு மேல்வரை அவற்றைத் தைத்து ஒரு முழுக் கோளமாக்கினார். பிறகே அதைத் தாளில் விரித்தார். காலடியில் உள்ளதைக் காட்டிலும் தொடுவானத்தில் உள்ளது நீளத்தில் இருமடங்காக விழும், அண்ணாந்து பார்க்க வேண்டியவை அதைவிடவும் பெருக்கும் என்பதெல்லாம் அந்தக் கணக்கின் குணம். அது திரிபுதான், ஆனால் விதியுள்ள திரிபு. படத்தைப் பார்த்து, பொறுமையிருந்தால், பழைய இடத்தைத் திரும்பக் கணக்கிட்டுவிட முடியும்.

நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது வேறு. ஒற்றைப் படம் ஒன்று எடுக்கப்படுகிறது. கைப்பேசியின் கேமரா ஒரு நேரத்தில் காண்பது சுற்றுவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதை ஃபில்டருக்குள் செலுத்தினால் அடிவிளிம்பு முழுவதும் நசுங்கி ஒரே புள்ளியாகிறது. மேல்விளிம்பு இழுபட்டு வெளிவட்டமாகிறது. இடது ஓரமும் வலது ஓரமும் சேர்த்து ஒட்டப்படுகின்றன. இடது ஓரத்தில் இருந்தது மேலமலையின் வழுவழுப்பான பாறை, வலது ஓரத்தில் இருந்தது ஏதோ ஒரு குளக்கரை. உலகத்தில் எங்கும் சந்தித்துக்கொள்ளாத அந்த இரண்டும் இங்கே அண்டை வீட்டுக்காரர்கள் ஆகின்றன. ஒட்டிய இடத்தில் தழும்பு தெரியுமல்லவா? அதற்குத்தான் குளோன் கருவி இருக்கிறது. கொஞ்சம் புல்லை எடுத்துப் பூசி, கொஞ்சம் வானத்தை எடுத்து மெழுகி, தழும்பை மறைத்தால் கோள் தயார். இதுதான் முழு உலகம் என்று அது நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது.

நம் வழக்கு இந்தத் தழும்பில் இருக்கிறது. ‘எந்தப் படமும் ஒரு துண்டுதானே, எந்தப் படக்காரரும் வெட்டித்தானே எடுக்கிறார்’ என்று எதிர்வாதம் செய்வார்கள். செய்யட்டும். சாதாரணப் படத்துக்கு நான்கு ஓரங்கள் உண்டு. நான் இவ்வளவுதான், இதற்கு வெளியே இன்னும் இருக்கிறது என்று அந்த ஓரங்கள் ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொள்கின்றன. மிக மோசமான கல்யாணப் படத்தில்கூட ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு சித்தப்பா நின்று, பந்தலில் இன்னும் ஆட்கள் உண்டு என்று சாட்சி சொல்கிறார். குட்டிக் கோள் செய்யும் முதல் வேலை இந்தச் சாட்சியை அழிப்பது. ஓரமே இல்லாத படத்துக்கு வெளிப்புறமும் இல்லை.

வெளிப்புறமில்லாத ஊர் என்று புதுக்கோட்டையில் ஒன்றுகூடக் கிடையாது. இந்த மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் இருக்கின்றன. பெரிய நதி எதுவும் ஊட்டாத வானம் பார்த்த பூமியில் இத்தனை நீர்நிலைகள் எப்படி வந்தன என்றால், ஒன்றோடொன்று பேசும்படி வெட்டப்பட்டதால் வந்தன. மேட்டுக் கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாக வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. வரத்து வாய்க்கால் எங்கிருந்து வருகிறது, உபரி எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு கண்மாயை யாரும் புரிந்துகொள்ள முடியாது. கரையில் நின்று பார்க்கும்போது நீரின் நடுவில் இரண்டு கல்தூண்களோடு நிற்கும் குமிழித்தூம்பும், அந்தக் கோடியில் தெரியும் கலிங்கும், அதற்கப்பால் மங்கலாகத் தெரியும் அடுத்த கரையின் மரவரிசையுமாகச் சேர்ந்ததுதான் காட்சி. இதைக் கோளாக்கினால் கரை வளைந்து தன் வாலைத் தானே கவ்விக்கொள்கிறது. நீர் எங்கிருந்தும் வரவில்லை, எங்கும் போகவில்லை. கழுத்தில் போட்டுக்கொள்ளும் பதக்கம்போல ஒரு சமுத்திரம்! வரத்து வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கும் ஊர்களில் இந்தப் படத்தைக் காட்டிப் பாருங்கள். ரசிப்பார்களா என்று தெரியும்.

கொடும்பாளூரை எடுத்துக்கொள்வோம். இந்தச் சீமையைப் பற்றித் தமிழ் இலக்கியத்தில் கிடைக்கும் மிகப் பழைய வர்ணனைகளுள் ஒன்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் இருக்கிறது. மதுரைக்கு வழி கேட்கும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் சொல்லும் வழியில் கொடும்பை வருகிறது. அங்குள்ள நெடுங்குளத்தின் கரையை அடைந்தால் பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான் அவன். ஒவ்வொரு பாதைக்கும் ஒவ்வொரு இடர், ஒவ்வொரு சோதனை. இளங்கோவுக்கு அந்த நிலம் ஒரு பிரிவு. எந்தப் பக்கம் போவது என்று மனிதனைத் தடுமாற வைக்கும் இடம். அதே குளக்கரையைக் கோளாக்கினால் பிரியும் பாதைகள் உருண்டையைச் சுற்றிவிட்டு மறுபக்கத்தில் மீண்டும் கைகோத்துக்கொள்ளும். எந்தப் பாதையில் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். கண்ணகிக்கு மதுரையும் இல்லை, நமக்குக் காப்பியமும் இல்லை.

பொழுதும் தொலைகிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியம் படித்தவர்கள் நாம். மாலை வெயிலில் எடுத்த ஒற்றைப் படத்தில் பனைகளின் நிழல்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். எத்தனை மணி என்று சொல்லிவிடலாம். ஃபில்டர் வளைத்த பிறகு நிழல்கள் உருண்டையைச் சுற்றி ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசைக்கு ஓடும். சூரியன் எங்கே இருக்கிறான்? எல்லாப் பக்கமும், எந்தப் பக்கமும் இல்லாமல். முழுக் கோளத்திலிருந்து முறையாகச் செய்த படத்தில் இந்தக் குழப்பம் வராது. அங்கே சூரியன் ஒருவனாகவே, ஓர் இடத்திலேயே இருப்பான்.

இவ்வளவும் அழகியல் சண்டை என்றால் இத்தனை சூடு வேண்டியதில்லை. ஐந்தில் ஒரு பங்குதான் படத்தில் இருக்கிறது என்றோம். மீதி நான்கு பங்கு எங்கே? படக்காரரின் முதுகுக்குப் பின்னால். புதுக்கோட்டையில் குன்றைப் படமெடுக்கிறவரின் முதுகுக்குப் பின்னால் பல இடங்களில் நிற்பது, அல்லது நில்லாமல் போய்க்கொண்டிருப்பது, இன்னொரு குன்று. கல்குவாரியும் கிரஷரும் இந்த மாவட்டத்துக்குப் புதியவையல்ல. கல்லுடைத்துப் பிழைக்கும் குடும்பங்களும் பழையவை. அந்த உழைப்பின் மேல் நமக்கு வழக்கில்லை. உளியும் சம்மட்டியும் ஒரு தலைமுறையில் எடுத்ததை இயந்திரம் ஒரு பருவத்தில் எடுத்துவிடுகிறது என்பதும், அனுமதித்த ஆழத்துக்கும் வெட்டிய ஆழத்துக்கும் தொடர்பே இல்லாத குழிகள் பெருகுகின்றன என்பதும்தான் வழக்கு. 2025 ஜனவரியில் திருமயம் பகுதியில், சட்டவிரோதக் குவாரிகளைப் பற்றித் தொடர்ந்து புகார் கொடுத்துவந்த ஒருவர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். முதலில் விபத்துபோலத் தோன்றியது கொலை வழக்கானது; குவாரித் தொழிலில் இருந்தவர்கள் கைதானார்கள். அவர் செய்த வேலையைப் படக்கலையின் மொழியில் சொல்வதென்றால், முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

அதே திருமயத்தின் கோட்டை, சேதுபதிகள் 1687இல் குன்றைச் சுற்றி மதில் மதிலாக எழுப்பியது, கோள் செய்பவர்களின் செல்லப்பிள்ளை. ஏற்கெனவே வட்டமான இடம். பாதி வேலை மிச்சம். அந்த உருண்டையைப் பார்க்கும் சென்னைவாசி இந்த உலகத்தில் கோட்டையையும் ஆட்டுக்குட்டிகளையும் தவிர வேறெதுவும் இல்லை என்று நம்பினால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

சட்டமும் தன் பங்குக்கு ஒரு குட்டிக் கோளை வரைந்து வைத்திருக்கிறது என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. 2010இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. ஆக, முந்நூறு மீட்டர். அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும் குன்று அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் கல். நார்த்தாமலையின் குன்றுகள் ஒரு தொடர். விஜயாலய சோழீச்சரம் நிற்கும் பாறையை மட்டும் அறுத்தெடுத்து வட்டம் போட்டுக் காத்துவிட்டு, ‘பாரம்பரியம் பத்திரம்’ என்று அறிக்கை எழுத முடியும். அறிக்கையின் அட்டைக்கு மிகப் பொருத்தமான படம் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சோழீச்சரத்தைக் கட்டியவர்கள் வட்டத்தை அறியாதவர்கள் அல்லர். அங்கே கருவறை வட்டம், அதைச் சூழ்ந்த சுவர் சதுரம். இரண்டுக்கும் நடுவில் சுற்றி நடக்க வழி. சதுரத்தை வட்டமாக்குவது எவ்வளவு சிக்கல் என்று தெரிந்தவர்கள், இரண்டும் பொருந்தாத இடத்தை மறைக்காமல் மனிதர் நடப்பதற்கென்று விட்டுவைத்தார்கள். அங்குள்ள கல்வெட்டு இன்னும் நேர்மையானது. சாத்தன் பூதி எடுப்பித்த கற்றளி மழையில் சிதைந்ததையும், மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்ததையும் அது ஒளிக்காமல் சொல்கிறது. தழும்பைக் கல்லில் வெட்டி வைத்தவர்களின் ஊரில்தான் நாம் தழும்பை மெழுகிக்கொண்டிருக்கிறோம்.

சித்தன்னவாசலுக்கும் ஒரு வார்த்தை. அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் இருக்கிறது. மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். தொடுவானம் கிடையாது. ‘அந்த ஓவியனும் தொடுவானத்தை எடுத்துவிட்டான், அவன் செய்தால் கலை, நாங்கள் செய்தால் குற்றமா’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்தக் குளம் சமவசரணத்தில் தீர்த்தங்கரரின் உரையைக் கேட்க வருவோர் கடந்துவரும் நீர்நிலை என்று கலை வரலாற்றாசிரியர்கள் விளக்குகிறார்கள். சமவசரணத்தை முழு வட்டமாக, வட்டத்துக்குள் வட்டமாக, மேலிருந்து பார்ப்பதுபோலத் தீட்டுவது சமண மரபில் பின்னாளில் பெருவழக்கு. ஆகவே உலகத்தை வட்டத்தில் அடக்குவது அந்த மரபுக்கு அந்நியமே அல்ல. ஆனால் அந்த வட்டங்களின் மையத்தில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். சுற்றியுள்ள தேவர்களும் மனிதர்களும் விலங்குகளும் அவரை நோக்கியே நிற்கிறார்கள். குட்டிக் கோளின் மையத்தில் யார் இருக்கிறார்? கணக்குப்படி அங்கே இருக்க வேண்டியவை படக்காரரின் காலடியும் முக்காலியும். அசிங்கமாக இருக்கிறது என்று முதலில் அழிக்கப்படுவது அந்த இடம்தான். பார்த்தவன் இல்லாத பார்வை அது. யார் பார்த்தது, எங்கே நின்று, எந்தப் பக்கம் முதுகைக் காட்டி என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. சித்தன்னவாசலிலோ ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் காலத்துத் திருப்பணி செய்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் தன் பெயரைக் கல்லில் விட்டுப்போயிருக்கிறான்.

‘விளையாட்டுதானே’ என்பது கடைசி அரண். அதோடு செந்த் எக்சுபெரியின் ‘குட்டி இளவரச’னையும் துணைக்கு அழைப்பார்கள். 1943இல் வந்த அந்தப் புத்தகத்தை 1981இல் க்ரியா வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்பில் படித்து வளர்ந்தவர்கள் நம்மிடையே உண்டு. நமக்கும் பிரியமான புத்தகம். அதில் வரும் கோள் சிறியதுதான், அழகானதுதான். ஆனால் அந்தச் சிறுவன் வாரந்தோறும் எரிமலைகளைத் துடைக்கிறான். பாவோபாப் முளைகளை ஒன்றுவிடாமல் பிடுங்குகிறான். ஒருநாள் விட்டால் மரத்தின் வேர்கள் கோளையே பிளந்துவிடும். கோள் சிறியதாக இருப்பது அவனுக்கு வேலை, கவலை, பொறுப்பு. நம் கோள்காரர்கள் ஒரு முளையையும் பிடுங்க வேண்டியதில்லை. புதுக்கோட்டையில் ஏக்கர் ஏக்கராகத் தைலமரம் நிற்கிறது. நிலத்தடி நீரை அது குடித்துத் தீர்க்கிறது என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டுவருகிறார்கள். உருண்டையின் மேல் அந்தத் தைலமரங்கள் எவ்வளவு நேர்த்தியான முட்களாக எழும்புகின்றன, பார்த்திருக்கிறீர்களா?

விளையாடுங்கள். குழந்தையின் முகத்தை, சோற்றுத் தட்டை, தெருவிளக்கை எதை வேண்டுமானாலும் உருட்டுங்கள், நாமும் கைதட்டுகிறோம். புதுக்கோட்டை என்று பெயர் போட்டு ஒரு நிலத்தைக் கோளாக்குவதென்றால் மட்டும் நம் கோரிக்கை எளியது: முழுவதும் திரும்புங்கள். மேலமலையில் ஏறி, முக்காலியை ஊன்றி, சோழீச்சரத்தை எடுத்த பிறகு அப்படியே ஒரு சுற்று. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு, காலடி, உச்சி. தைக்கும் மென்பொருள் ஹியூகின் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு பிற்பகல் போதும். குவாரி தெரிந்தால் தெரியட்டும். கணக்கு அதற்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. தொடுவானத்துக்கு மேலே நிற்பவையெல்லாம் உருண்டைக்கு வெளியே முள்ளாக நீளும். தொடுவானத்துக்குக் கீழே இருப்பவை உருண்டையின் உடம்பில் விழும். வெட்டிய குழி கீழே இருப்பது. ஆகவே அது கோளின் சதையிலேயே, கடிபட்ட கொய்யாப்பழத்தில் தெரிவதுபோல, வெள்ளையாகத் தெரியும்; அதன் விளிம்பிலிருந்து கிரஷர் தூசி வானத்துக்குள் வெளிநோக்கிப் பரவும். அந்தப் படத்தை யாராவது எடுத்தால் நாம் பார்க்கக் காத்திருக்கிறோம்.